மருதையன் உள்ளே இருக்கிறார்

எங்கள் ஆபீஸில் ஏசி போட்ட அறை ஒன்றே ஒன்றுதான். அதில் மனுஷர் உட்காரக் கூடாது, கம்ப்யூட்டர்தான் உட்காரலாம். காரைக்கால் வெயிலில் நாங்கள் நான்கு பெண்கள் கடகடவென்று ஆடும் ஒரு மின்விசிறிக்குக் கீழே முதுகு நனைய உட்கார்ந்திருப்போம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது புது மாப்பிள்ளை மாதிரி குளிரில் சொகுசாக இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நான் கோயிலுக்குக்கூட அத்தனை பயபக்தியோடு போனதில்லை.

இது எண்பத்தேழில். நெல் வாங்கி அரைத்து வெளியூருக்கு அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. சுற்றுவட்டாரத்தில் அங்கங்கே குடோன்கள். ஒவ்வொரு குடோனிலும் ஒரு டெர்மினல் வைத்தார்கள். டி.வி. மாதிரி ஒரு பெட்டி, அதன் முன்னால் டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகை, அவ்வளவுதான். அதற்கென்று மூளை கிடையாது. மூளை எங்கள் ஏசி அறையில், நடுவே டெலிபோன் கம்பி. நெரவி குடோனில் இருக்கிறவர் காலையில் தன் பெயரை அடித்து, அடுத்து பாஸ்வேர்டை அடித்து எங்கள் கம்ப்யூட்டருக்குள் வருவார். பாஸ்வேர்டு அடிக்கும்போது மட்டும் திரையில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிடக் கூடாதாம். உள்ளே வந்து எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மூட்டை போனது என்று பதிந்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். அதுதான் முறை.

ஹூ, அதாவது யார் என்று ஆங்கிலத்தில் அடித்து எண்டர் தட்டினால், அந்த நேரத்தில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பெயர்கள் வரும். பெயருக்கு நேரே, அந்த ஆள் கடைசியாக விசையைத் தொட்டு எவ்வளவு நேரமாகிறது என்பதும் வரும். மேலதிகாரிகள் வேவு பார்க்க வைத்த வசதி அது. என் பக்கத்து நாற்காலி அல்லி அதை எப்போது பார்த்தாலும் அடித்துக்கொண்டிருப்பாள்.

"என்னடி, நீ என்ன வாத்தியாரம்மாவா? அட்டெண்டன்ஸ் எடுத்துக்கிட்டே இருக்கே" என்று கேட்டேன் ஒருநாள்.

"சும்மாதான்க்கா" என்றாள். சொல்லும்போதே கண் திரையில் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். ஐந்தாறு பெயர்கள். அவளுடைய விரல் ஒரு பெயருக்கு நேரே கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மரு. நெரவி குடோன் மருதையன், அவளுடைய அப்பா.

அல்லியின் கதை ஆபீஸுக்கே தெரியும். எங்கள் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தபோதே ஜெகபர் சாதிக்கைக் கட்டிக்கொண்டாள். மேரியில் போய்க் கையெழுத்துப் போட்ட கல்யாணம். பிரெஞ்சுக்காரன் போய் இத்தனை வருஷமாகியும் முனிசிபாலிட்டியை நாங்கள் மேரி என்றுதான் சொல்வோம். சாதிக் படகு எஞ்சின் உதிரி விற்கும் கடையில் வேலை பார்ப்பவன், அதிர்ந்து பேசத் தெரியாத பையன். அவனைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் கல்யாணம் நடந்த அன்று சாயங்காலமே மருதையன் தலைமுழுகிவிட்டார்.

கோபத்தில் வாய்ப்பேச்சுக்குச் சொன்னதில்லை. நெரவியில் குளத்துக்குப் போய், சாவு வீட்டிலிருந்து திரும்பியவர் மாதிரி மூன்று முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு வீதி வழியாக நடந்து வந்து, எனக்கு மகள் இல்லை, செத்துவிட்டாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அல்லியின் அண்ணன் துணைக்குக் கூடவே போய்க் கரையில் நின்றான். அப்படி முழுகிவிட்டால் அதோடு முடிந்தது. முகம் பார்க்கக் கூடாது, பெயரை வாயால் சொல்லக் கூடாது, நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்பக் கூடாது. அம்மா ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தாள். ஆக அல்லிக்குப் பிறந்த வீடு என்று ஒன்று அன்றைக்கே இல்லாமல் போயிற்று.

எனக்கு அந்த மனுஷரை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். உயிரோடு இருக்கிற பெண்ணுக்குச் சாவுக்குளியல் குளிக்க எப்படி மனசு வரும்? இன்றைக்கும் அதை நான் மன்னித்துவிடவில்லை.

டெர்மினல் வந்தபோது குடோன் ஆட்களையெல்லாம் எங்கள் ஆபீஸுக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்க அல்லியைத்தான் போட்டார் மேனேஜர். அவளுக்குத்தான் வேகமாக வந்தது. மருதையன் வந்தார். கடைசி பெஞ்சில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, மடியில் வெற்றிலைப் பெட்டி. இந்த ஆளாவது கற்றுக்கொள்வதாவது என்று நினைத்தேன். அல்லி எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னாள். ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி. ஜன்னலைப் பார்த்திருந்தவர் தலையைத் திருப்பவில்லை. ஹூ என்று அடித்தால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும் என்று அவள் சொன்னபோது மட்டும் அவருடைய வெற்றிலை மெல்லும் வாய் நின்றது.

அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் இது. குடோனில் ஒருநாள் வேலையைச் சிறிது நேரத்தில் பதிந்து முடித்துவிடலாம். மற்ற குடோன்காரர்கள் அப்படித்தான் வருவார்கள், போவார்கள். மருதையன் மட்டும் காலையில் உள்ளே வந்தால் சாயங்காலம் பூட்டும்வரை வெளியே போகமாட்டார். பெயர் அப்படியே நிற்கும், சும்மா. அல்லியும் அதே கதைதான். சாப்பிடப் போனாலும் தன் பெயரை உள்ளேயே விட்டுவிட்டுத்தான் போவாள். அங்கே அவர் ஹூ அடித்து அல்லி என்ற பெயரைப் பார்ப்பார். இங்கே இவள் ஹூ அடித்து மரு என்ற பெயரைப் பார்ப்பாள். பேச்சு இல்லை, பார்வை இல்லை. ஒருவர் பெயர் இருக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரியும். அவ்வளவுதான் அப்பாவுக்கும் மகளுக்கும் மிச்சம் இருந்தது.

காலையில் அந்தப் பெயர் வரும்வரை அல்லி டீயைத் தொடமாட்டாள். ஆறிப்போய் ஆடை படிந்துகிடக்கும். பெயர் வந்ததும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வேலையை ஆரம்பிப்பாள்.

"வந்தாச்சா உங்கப்பா?" என்பேன்.

"வந்தாச்சுக்கா." அப்போது அவள் முகம் இருக்கிற இருப்பைப் பார்த்தால் எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வரும்.

மறு வருஷம் அவளுக்குப் பிரசவ லீவு. போவதற்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எம் பேர்ல தினம் நீங்க உள்ள போயிடுங்கக்கா. பாஸ்வேர்டு சொல்றேன். அப்படியே விட்டுவச்சாப் போதும்."

"மாட்டினா எனக்கில்லடி சீட்டு கிழியும்?"

"எம் பேரு இல்லன்னா அவரு என்னமோ ஏதோன்னு பயந்துடுவாருக்கா. யாருக்கிட்டயும் கேக்கவும் முடியாது அவரால."

நான் முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். லீவு முடியும்வரை என் டெர்மினலில் நானும், அவள் டெர்மினலில் அவள் பெயருமாக இருந்தோம். ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் வலியில் கிடந்தபோதும் நெரவிக்காரர் திரையில் அல்லி உள்ளேதான் இருந்தாள். குழந்தைக்கு மூன்றாம் மாதம் அதைத் தூக்கிக்கொண்டு நெரவிக்குப் போனாள். அண்ணன் வாசலிலேயே நிறுத்தி, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டு விரட்டினான். அப்பா அப்போது குடோனில் இருந்தார். அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

எண்பத்தொன்பதில் வந்தது வினை. எங்கள் கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் உள்ளே விடாது. ஒரு மாதக் கடைசியில் மேனேஜரே கணக்குப் பார்க்க உள்ளே போகப்போனார். இடமில்லை என்று சொல்லிவிட்டது. அவருக்கு முகம் சிவந்துபோயிற்று. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற சோமசேகரனைக் கூப்பிட்டுக் கத்தினார். சேகர் சார் நல்ல பையன்தான், மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர். ஹூ அடித்துப் பார்த்தால் எட்டில் பாதிப் பேர் சும்மா இருக்கிறார்கள். பஸ் ஸீட்டில் துண்டு போட்டுவிட்டு டீக்கடையில் நிற்கிற ஆட்கள் மாதிரி. அதில் முதல் துண்டு நெரவியுடையது, இரண்டாவது துண்டு அல்லியுடையது.

"இருபது நிமிஷம் யாராவது ஒரு விசையும் தொடலன்னா மெஷினே வெளிய தள்ளிடற மாதிரி எழுதிட்டேன்" என்றார் சேகர் சார் எங்களிடம் வந்து. "தள்றதுக்கு முன்னாடி ஒரு தடவை எச்சரிக்கும். அப்பவும் தொடலன்னா கட்."

அல்லி எழுந்து நின்றாள். "நெரவிய மட்டும் விட்டுடுங்க சார்."

"ஏன்? அங்கதான் அல்லி பெரிய தலைவலி. நாள் பூரா ஐடில், சும்மாவே கெடக்கு."

அவள் காரணம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். நான் சேகர் சாரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அவர் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மேனேஜர் தினம் பாக்கறார் மேடம். ஒருத்தருக்கு மட்டும் விலக்குக் குடுத்தா என் தலை உருளும். ஆனா ஒண்ணு, அப்பப்ப ஒரு தட்டு தட்டினாப் போதும். ஆள் இருக்குன்னு மெஷின் நம்பிடும்."

முதல் நாள் மரு என்ற பெயர் முற்பகலிலேயே மறைந்தது. அல்லி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். சிறிது நேரத்தில் திரும்ப வந்தது. மறுபடி மறைந்தது, மறுபடி வந்தது. அன்று முழுக்க அப்பாவும் மெஷினும் மல்லுக்கட்டினார்கள். அடுத்த வாரத்தில் எப்படியோ சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். பெயர் காலையிலிருந்து சாயங்காலம்வரை அசையாமல் நின்றது.

"பெரியவர் கால் மணிக்கொரு தடவை ஸ்பேஸ் தட்டறார் மேடம்" என்று சேகர் சார் சிரித்தார். "மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போறதில்ல போலிருக்கு."

எல்லோரும் சிரித்தோம். அல்லிகூடச் சிரித்தாள். முன்பெல்லாம் பெயர்தான் இருக்கும். இப்போது அப்பாவே தட்டுகிறார், கால் மணிக்கொரு தடவை இருக்கேன், இருக்கேன் என்கிற மாதிரி. மேனேஜரின் கோபம் அவளுக்கு நல்லதாகப் போயிற்று என்றுகூட நான் சொன்னேன்.

ஆடி, ஆவணியில் குடோன்கள் காலியாகக் கிடக்கும். பதிய ஒன்றும் இருக்காது. ஆனால் நெரவியின் பெயர் மட்டும் தவறாமல் வந்தது, தவறாமல் நின்றது. அந்த ஆடியில் ஒரு நாள் அல்லி என்னிடம், "அக்கா, ஒரு வரி எழுதிப்போடவா?" என்றாள்.

ஓர் ஆளின் பெயரைக் குறிப்பிட்டு, செய்தியை அடித்து எண்டர் தட்டினால் அது அந்த ஆளின் திரையில் போய் விழும். மூட்டைக் கணக்குக் கேட்க நாங்கள் தினம் பயன்படுத்துவதுதான். இத்தனை நாள் அவள் அதைத் தொட்டதில்லை. பேசினால் முறை கெட்டுவிட்டது என்று அவர் ரோஷப்பட்டு உள்ளே வருவதையே நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

"போடுடி. என்ன, கடிச்சா தின்னுடப் போறாரு?"

மரு என்று அடித்தாள். பிறகு ஆங்கில எழுத்தில் அப்பா என்று அடித்தாள். அதோடு நின்றுவிட்டது. விரல் எண்டருக்கு மேலே நிற்கிறது, கீழே இறங்கவில்லை. அடுத்து என்ன எழுதுவது என்று யோசித்தாளோ, அந்த ஒரு சொல்லே போதுமா என்று யோசித்தாளோ. நான் என் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். மறுபடி பார்த்தபோது அவள் கண்ணில் நீர் நின்றிருந்தது. எச்சரிக்கை வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. இருபது நிமிஷம் ஒரு விசையும் தொடாததால் மெஷின் அவளை வெளியே தள்ளிவிட்டது. அப்பா என்ற சொல்லும் அதோடு போயிற்று.

"திரும்ப உள்ள போயி அடிடி" என்றேன்.

"நாளைக்கு அடிக்கறேன்க்கா" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த நாளை வரவேயில்லை. அவசரம் என்ன, அவர்தான் உள்ளேயே இருக்கிறாரே என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

ஆவணியில் ஒரு காலை, அல்லி டீயைக் குடித்து முடித்திருந்தாள். கம்பெனி லாரி ஓட்டுகிற நூகு பாய் வந்து கதவோரம் நின்றார். சேகர் சாரைப் பார்த்துச் சொன்னார்.

"மேனேஜரு இல்லீங்களா? நம்ம நெரவி மருதையன் மவுத்தாயிட்டாரு சார். நேத்து விடியக்காலமே. பொழுதுசாய எடுத்துட்டாங்களாம். இப்பத்தான் அந்த வழியா வர்றப்ப சொன்னாங்க."

அவர் லாரிக்குப் புதுசு, அல்லி யார் என்று தெரியாது. பாவம், அவர்மேல் குற்றமில்லை.

அல்லி பதறவில்லை. நூகு பாயை ஏதோ தெரியாமல் உளறுகிற ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இல்ல பாய். வேற யாராவது இருக்கும். அவரு உள்ள இருக்காரு" என்று திரையைக் காட்டினாள். ஹூ அடித்தாள். மரு என்ற பெயர் இருந்தது. கடைசியாகத் தொட்டு நான்கு நிமிஷம்தான் ஆகியிருந்தது. "பாத்தீங்களா? இப்பத்தான் தட்டியிருக்காரு. நேத்தும் பூரா இருந்தாரே."

சேகர் சார் கண்ணாடி அறைக்குள் ஓடினார், செருப்பைக்கூடக் கழற்றாமல். வெளியே வந்தபோது அவர் முகம் நன்றாக இல்லை. "இப்பக்கூட ஒரு தட்டு வந்துச்சு" என்றார் தாழ்ந்த குரலில்.

அல்லி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். லீவில் அவள் நாற்காலியில் யாரும் இல்லாமல் அவள் பெயர் மட்டும் இருந்ததே, அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"நான் அந்த லாகினை மூடிடவா அல்லி?" என்று கேட்டார் சேகர் சார்.

"வேணாம் சார். நீங்க கைய வைக்காதீங்க."

நூகு பாய் லாரியிலேயே எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். விஷயம் தெரிந்ததும் வழிநெடுக "அல்லா, அல்லா" என்று தன்னையே நொந்துகொண்டார். வீட்டுக்குப் போகமுடியாது. போய் யாரைப் பார்க்க? குடோனுக்குத்தான் போனோம். கம்பெனி இடம் அது, அங்கே வராதே என்று அண்ணன் சொல்லமுடியாது.

காலியான குடோன். தவிட்டு வாசனை. மூலையில் தடுப்பு வைத்த சின்ன அறையில் டெர்மினல் முன்னால் மூட்டை தூக்குகிற செல்லையன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு டைம்பீஸ். அல்லியைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர் அவர். பார்த்ததும் எழுந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"வந்துட்டியா பாப்பா" என்று உடைந்துபோனார்.

"நீங்க எப்பலேருந்து தட்டறீங்கண்ணே?" என்றாள் அல்லி.

"ஆடி பொறந்ததுமே படுத்துட்டாரு. நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சு. நடுவுல காரைக்காலுக்குக் கொண்டாந்து பெரியாஸ்பத்திரியில வச்சிருந்தோம், ஒரு வாரத்துக்கு மேல."

அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் அல்லி தினமும் ஆபீஸுக்கு நடந்து வருவாள்.

"எங்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு பாப்பா. கேட்டா அது புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துடும், இந்தப் பய மறுபடி வாசல்ல வச்சு அசிங்கப்படுத்துவான், நான் எழுந்திருச்சு நடமாடுனப்புறம் நானே பாத்துக்கறேன்டான்னாரு. அதுவரைக்கும் அங்க எம் பேரு தெரியணும், பேரக் காணும்னா பயந்துக்கும்னாரு. எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல? அதுக்கோசரம் புள்ளி வச்சுக் குடுத்தாரு."

பலகையைக் காட்டினார். விசைகளின்மேல் புள்ளிகள். வெள்ளைப் புள்ளிகள் வெற்றிலைச் சுண்ணாம்பில் வைத்தவை. ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று, நான்கு என்று அந்த வரிசையில் தட்டினால் மரு என்று வரும். அடுத்து, மூட்டைக்குக் குறி போடுகிற சிவப்பு மையில் இன்னொரு வரிசை. அது பாஸ்வேர்டு. அல்லி குனிந்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஏ மீது ஒரு சிவப்புப் புள்ளி. எல் மீது இரண்டும், அதற்குப் பக்கத்திலேயே மூன்றும். ஐ மீது நான்கு.

அவள் பெயர். வாயால் சொல்லக் கூடாது என்று முழுக்குப் போட்ட மனுஷர், திரையில் தெரியாத இடத்தில் தினம் காலையில் அதை அடித்துத்தான் உள்ளே வந்திருக்கிறார். செல்லையனுக்கு அது என்ன எழுத்து என்றே தெரியாது.

"நேத்துத்தான் போயிட்டாரே. அப்பறமும் ஏன் தட்டுனீங்க?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"நிறுத்துன்னு அவரு சொல்லலைங்களே" என்றார் செல்லையன். "அதுவுமில்லாம, திடீர்னு பேரு போயிட்டா பாப்பா அங்க தனியா உக்காந்து என்ன பண்ணுமோன்னு இருந்துச்சு. பொழுதுசாய மட்டும் சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, அதையும் சொன்னார். "தினம் சாயங்காலம் போயிப் பாப்பேன். ஒண்ணு மட்டும் விடாமக் கேப்பாரு. பொட்டியில எழுத்து எதுனா வந்துச்சாடான்னு. எப்பவும் வர்றதத் தவிர ஒண்ணும் வரலண்ணேன்னு சொல்லுவேன். சரி சரி, நாளைக்கு வரும்பாரு."

அல்லி அப்போதுதான் அழுதாள். ஒப்பாரி இல்லை, பாட்டு இல்லை. பலகையின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்பா, அப்பா என்று அந்த ஒரே சொல்லைத்தான் சொன்னாள். நானும் அழுதேன். செத்தவர்மேல் எனக்கிருந்த கோபம் போகவில்லை, ஆனாலும் அழுதேன். இத்தனை ஆசையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷர் ஏன் குளத்தில் போய் முழுகவேண்டும்? யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அவள் நிமிர்ந்தபோது திரையில் தாறுமாறாக எழுத்துகள் ஓடியிருந்தன. நெற்றி பட்ட எழுத்துகள். செல்லையன் டைம்பீஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நேரமாச்சு பாப்பா. தட்டட்டுமா?" என்றார்.

"வேணாம்ண்ணே. போதும்."

நாற்காலியில் அவள், ஸ்டூலில் நான், சுவரோரம் செல்லையன், கதவில் நூகு பாய். நால்வரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எச்சரிக்கை வந்தது. நீங்கள் எதையும் தொடவில்லை, தொடர்பு துண்டிக்கப்படும் என்று ஆங்கிலத்தில். என் கை தானாக நீண்டது. அல்லி அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பிடி வலித்தது. திரை ஒருமுறை வெறுமையாகி, பெயரைக் கேட்கிற இடத்தில் போய் நின்றது. அங்கே வெறும் கோடு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து குடோனுக்குப் பின்னால் போனாள். அங்கே ஒரு கைபம்பு இருந்தது. உட்கார்ந்தாள். செல்லையன் புரிந்துகொண்டு பம்பை அடித்தார். பின்னலை அவிழ்த்துவிட்டுத் தலையைக் குழாய்க்குக் கீழே கொடுத்தாள். அப்பன் செத்தால் பெற்ற பெண் குளிக்கிற குளியல். இதை வேண்டாம் என்று எந்த அண்ணனும் வந்து சொல்லவில்லை. புடவையெல்லாம் நனைந்து, பல் கிட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

துண்டு யாரும் கொண்டுவரவில்லை. என் முந்தானையால் அவள் தலையைத் துவட்டிவிட்டேன்.